தொலைவிலுள்ள சேவையகமும் பொருந்தாத வட்டும்

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைக் கொண்டியங்கும் சேவையகக் கணினிகளுட் பெரும்பாலானவை இன்று அவற்றை ஆள்வோரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடங்களிலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ மெல்பேணிலோ அமர்ந்திருப்பவர் ஒருவர் ஆளுங் கணினி சிங்கப்பூரிலோ பிராங்பேட்டிலோ ஒரு கட்டடத்தின் இரும்புத் தட்டொன்றிற் கிடக்கும். அதன் திரையை அவர் ஒருநாளும் கண்டிலர். அதற்குத் திரையே இல்லாமலும் இருக்கலாம். எஸ்.எஸ்.எச். என்னும் வலையிணைப்பு ஒன்றே அவருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள வழி. அவ்வழி திறப்பதற்கு முன்னரே கணினி இடைநின்றுவிடின் நேர்வது யாது, அதனை முன்கூட்டித் தடுப்பது எவ்வாறு, தடுக்கத் தவறியவிடத்து மீள்வது எவ்வாறு என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இத்தொழிலிலேயே ஈடுபட்டுள்ளனர். மாணவருள்ளும் இதனை நாடுவோர் பலர். அறிந்தோர் முதலிரு பகுதிகளைக் கடந்து செல்லலாம்.

யுனிக்ஸ் முறைமை 1969ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோராற் தொடங்கப்பெற்றது. அதன் அமைப்பைத் தழுவி 1991இல் ஹெல்சிங்கியிலே மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் எழுதி வெளியிட்டதே லினக்ஸின் கருப்பகுதியாகிய கேர்னல். விண்டோஸிலே வட்டு ஒவ்வொன்றும் தனியோர் எழுத்தாற் பெயர்பெற்றுத் தனித்தனியே நிற்கும். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளிலோ கோப்பகங்களெல்லாம் ஒரே மரம். அம்மரத்துக்கு ஒரே வேர். இரண்டாவது வட்டொன்றைச் சேர்க்க விரும்பின், மரத்திலுள்ள வெறுங் கோப்பகம் ஒன்றைத் தெரிந்து அவ்விடத்தில் அவ்வட்டின் கோப்பு முறைமையைப் பொருத்துதல் வேண்டும். இதனையே ‘மவுண்ட்’ செய்தல் என்பர். பொருத்திய பின்னர் அக்கோப்பகத்துட் புகுவோன் புதிய வட்டினுள்ளே நிற்கின்றான். பொருத்தாதவிடத்து அதே பெயருள்ள வெறுங் கோப்பகத்தினுள்ளே, அதாவது பழைய வட்டிலேயே, நிற்கின்றான். இவ்விரண்டிற்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடில்லை என்பதை வாசகர் மனத்திருத்துக. பின்னர் வரும் பெருந்துன்பம் ஒன்றிற்கு இதுவே மூலம்.

எவ்வெவ் வட்டு எவ்வெவ்விடத்திற் பொருந்த வேண்டுமென்பதைக் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் ‘எஃப்.எஸ்.டாப்’ என்னும் சிறிய உரைக்கோப்பைப் பார்த்து அறிந்துகொள்கிறது. அதில் வரி ஒன்றுக்கு ஆறு பகுதிகள்: வட்டின் பெயர், பொருந்துமிடம், கோப்பு முறைமையின் வகை, விருப்பத்தேர்வுகள், பழைய காப்புப்பிரதிக் கருவி ஒன்றிற்கான எண், தொடக்கத்திற் சோதனை செய்யவேண்டிய வரிசை எண். ஐந்தாவதை இன்று எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆறாவதில் வேர்க்கோப்பு முறைமைக்கு 1, ஏனையவற்றுக்கு 2, சோதனை வேண்டாதவற்றுக்கு 0 என இடுவது மரபு. நான்காவது பகுதியிலேதான் நம்முடைய கதை முழுவதும் அடங்கியுள்ளது.

வரியொன்று பொய்யாகுமாறு பல. வட்டைக் கழற்றியவர் வரியை அழிக்க மறந்திருப்பர். தொழிலில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. வட்டைப் புதிதாக அமைத்தவர், அதன் அடையாள எண் மாறியதை அறியார். முகிற் சேவைகளிற் கணினியின் வகையை மாற்றும்போது வட்டுக்களின் பெயரே மாறிவிடுதலும் உண்டு. அமேசானின் பழைய வகைக் கணினிகளில் ‘எக்ஸ்.வி.டி.எஃப்.’ என்றிருந்த வட்டு, நைட்ரோ எனப்படும் புதிய வகைக்குச் சென்றதும் ‘என்.வி.எம்.ஈ.’ என்று தொடங்கும் பெயரொன்றைப் பெறும். அப்பெயரிலுள்ள எண்ணும் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒன்றாயிருக்குமென்ற உறுதியில்லை. ஆதலின் வட்டைச் சாதனப் பெயரால் எழுதாது, யூ.யூ.ஐ.டி. என்னும் அடையாள எண்ணால் எழுதுதல் அறிவுடைமை. அவ்வெண்ணை ‘பிளக்கைடி’ என்னும் கட்டளை காட்டும்.

வரி பொய்யாயிருப்பினும் முற்காலத்திற் கணினி பெரும்பாலும் எழுந்துவிடும். டெபியன் வெளியீடுகளில் முன்பிருந்த தொடக்க முறை, பொருந்தாத வட்டைப் பற்றி ஒரு முறைப்பாட்டை எழுதிவிட்டு அப்பாற் செல்லும். உபுண்டு 10.04 முதல் 14.04 வரையில் இருந்த முறையோ, வட்டு இன்னும் ஆயத்தமாகவில்லையென்று திரையிற் கூறி, விட்டுச் செல்ல ‘எஸ்’ என்னும் விசையையும், கையாற் திருத்த ‘எம்’ என்னும் விசையையும் அழுத்துமாறு கேட்டு நிற்கும். ஆளில்லாத அறையிலே, திரையில்லாத கணினி, விசைப்பலகையில்லாத நிலையில், ‘எஸ்’ஸை அழுத்துக என்று இரவு முழுவதும் இரந்து நிற்றலை எண்ணிப் பார்க்க. அதனைத் தவிர்ப்பதற்கென்றே ‘நோபூட்வெய்ட்’ என்னும் விருப்பத்தேர்வை உபுண்டுக்காரர் தாமாக வகுத்துக்கொண்டனர்.

2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் என்போர் அறிமுகஞ் செய்த ‘சிஸ்டம்டி’ என்னுந் தொடக்க முறை வந்ததும் நிலைமை மாறியது. டெபியன் 2015இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பிலும், உபுண்டு 2016இல் வெளியிட்ட 16.04 என்னும் நீண்டகாலப் பதிப்பிலும் அதுவே இயல்பான தொடக்க முறையாயிற்று. சிஸ்டம்டி கண்டிப்பானது. எஃப்.எஸ்.டாப்பிலுள்ள ஒவ்வொரு வரியையும் அது ஓர் அலகாக மாற்றி, அவையெல்லாம் நிறைவேறினாலன்றி உள்ளூர்க் கோப்பு முறைமைகள் ஆயத்தமாயின என்று கொள்ளாது. வட்டொன்று தோன்றாவிடின் 90 செக்கன் காத்திருக்கும். பின்னர் எல்லாவற்றையும் நிறுத்தி, அவசர நிலை எனப்படும் நிலைக்குச் சென்று, கொன்சோலிலே ‘ரூட்’டின் கடவுச்சொல்லைக் கேட்கும். பல்லாண்டுகளாக யாருக்கும் தெரியாமற் பொய்த்துக்கிடந்த வரிகளெல்லாம் பதிப்பு மாற்றிய அன்று கணினியையே நிறுத்தின. டெபியன் 8இன் வெளியீட்டுக் குறிப்பு இதனைத் தனியாக எடுத்துக்கூறி எச்சரித்திருந்தது. ஆயினும் வெளியீட்டுக் குறிப்பை வாசிப்பவர் எத்துணையர்? உபுண்டுவில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. கணினி நில்லாதிருத்தற்கென்று இட்ட அந்த ‘நோபூட்வெய்ட்’ என்னும் சொல்லைப் புதிய பதிப்பு அறியாது. அறியாத சொல் வந்தமையாற் கோப்பு முறைமை பொருந்த மறுத்தது. பொருந்த மறுத்தமையாற் கணினி நின்றது.

இக்கண்டிப்பைப் பலர் வைதனர். அவ்வசை முழுவதும் நேரியதன்று என்பதே எம் கருத்து. தரவுத்தளத்துக்குரிய வட்டு வராதவிடத்து, வந்ததுபோலப் பாவித்துச் சேவைகளைத் தொடக்கிவிடுதல், நின்றுவிடுவதிலுங் கொடியதாகலாம். சிஸ்டம்டி செய்தது எச்சரிக்கையுள்ள ஒருவன் செய்வது. குறை எங்குள்ளதெனின், அவசர நிலையில் வலையிணைப்பும் எஸ்.எஸ்.எச்.சும் தொடங்கப்படுவதில்லை என்பதில். முறைமை கதவருகே நின்று அழைக்கிறது. வீட்டுக்காரரோ கடல் கடந்து இருக்கின்றார். போதாக்குறைக்கு, உபுண்டுவிலும் முகிற் சேவைகளின் படிமங்கள் பலவற்றிலும் ரூட் கணக்குப் பூட்டப்பட்டே இருக்கும். அந்நிலையிற் கொன்சோலை எட்டிப் பிடித்தவருக்குங்கூட, ரூட் கணக்குப் பூட்டியிருப்பதாற் கொன்சோலைத் திறக்க இயலாது என்ற மறுமொழியே கிடைக்கும்.

இதற்கு மருந்தாக எங்குங் கூறப்படுவது ‘நோஃபெயில்’ என்னும் விருப்பத்தேர்வு. வரியின் நான்காவது பகுதியில் இதனை இட்டால், அவ்வட்டு வேண்டப்படுவதொன்றேயன்றி இன்றியமையாததன்று என்று சிஸ்டம்டி கொள்ளும். அது வந்தாலும் வராவிட்டாலும் தொடக்கம் முன்செல்லும். இதனுடன் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்’ என்பதைச் சேர்த்து, 90 செக்கனை 10 செக்கனாகக் குறைத்துக்கொள்ளலும் ஆகும். வலைவழி வரும் வட்டுக்களுக்கு, சிறப்பாக ஐ-ஸ்கசி வழியாக வரும் ஈ.எக்ஸ்.டி.4 போன்றவற்றுக்கு, ‘_நெட்டெவ்’ என்பதையும் இடுதல் வேண்டும். இடாவிடிற் சிஸ்டம்டி அதனை உள்ளூர் வட்டென்றெண்ணி வலையிணைப்பு எழுமுன்னரே தேடத் தொடங்கும். வலை எழாது வட்டு வராது, வட்டு வராது தொடக்கம் நகராது. என்.எஃப்.எஸ். முதலியவற்றை அவற்றின் வகைப்பெயர் கொண்டே அது தானாக அறிந்துகொள்ளும்.

எல்லா வரிக்கும் நோஃபெயிலை இட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாமோ எனின், ஆகாது. வேர்க்கோப்பு முறைமைக்கு அது பொருளற்றது. ‘வார்’, ‘யூஎஸ்ஆர்’ என்பன தனி வட்டிலிருப்பின் அவை இன்றிக் கணினி இயங்குதல் இயங்குதலாகாது. இவ்விருப்பத்தேர்வு தகுவது தரவு வட்டுக்கும் காப்புப்பிரதி வட்டுக்குமே. அங்கும் ஓர் இடர் மறைந்திருக்கின்றது. முன்னர் நாம் மனத்திருத்திய வெறுங் கோப்பகத்தை இப்போது நினைக்க. வட்டு வரவில்லை, கணினி எழுந்துவிட்டது, எஸ்.எஸ்.எச். திறக்கின்றது, யாவும் நலமெனத் தோன்றுகின்றது. தரவுத்தள மென்பொருள் தன் கோப்பகத்துட் சென்று பார்க்கின்றது. அங்கு ஒன்றுமில்லை. சில மென்பொருள்கள் முறையிட்டு நிற்கும். வேறு சில, இது புதிய நிறுவல் போலும் என்றெண்ணி வெறுந் தரவுத்தளம் ஒன்றை அங்கேயே அமைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். அன்று வரும் பதிவுகளெல்லாம் வேர் வட்டிற் சேரும். இரவிலே காப்புப்பிரதிக் கருவி வருகிறது. மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலும் அழித்துவிடுமாறு ‘ஆர்சிங்க்’குக்கு ஆணையிடப்பட்டிருந்தால், வெறுங் கோப்பகத்தைக் கண்டு, பல ஆண்டுக் காப்புப்பிரதியை அது பணிவோடு துடைத்துவிடும். நின்றுபோன கணினியால் வந்த இழப்பு ஒரு நாளையது. எழுந்துவிட்ட கணினியால் வந்த இழப்பு மீளாதது.

இன்னுமொரு நுட்பமுண்டு. நோஃபெயில் இட்ட வட்டுக்காகத் தொடக்கம் காத்திருப்பதேயில்லை. ஆகவே வட்டு நன்னிலையில் இருக்கும் நாளிலுங்கூட, அது பொருந்துவதற்குச் சற்று முன்னர்ச் சேவை எழுந்துவிடக் கூடும். நூறு முறை சரியாக நடந்து நூற்றொராம் முறை பிழைக்கும் தவறு இத்தகையதே. எனவே நோஃபெயில் இடுவோர் அதனோடு மற்றொன்றையுஞ் செய்தல் கட்டாயம்: அவ்வட்டை நம்பியிருக்கும் சேவையின் அலகுக் கோப்பிலே ‘ரிக்குவயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர்’ என்று எழுதி அக்கோப்பகத்தின் பாதையைத் தருதல். அதன் பின்னர் வட்டு பொருந்தினாலன்றி அச்சேவை மட்டும் எழாது, எஸ்.எஸ்.எச். உட்பட ஏனையவை எழும். கணினி முழுவதையும் நிறுத்தாது, நிறுத்தவேண்டியதை மட்டும் நிறுத்துதலே நாம் வேண்டுவது.

இதற்கு மேலும் ஒரு காவல் வேண்டுவோர், வட்டு பொருந்தாதிருக்கும் வேளையில் வெறுங் கோப்பகத்துக்கு ‘சீஎச்அட்டர்’ என்னுங் கட்டளையால் மாறாத்தன்மை அளித்துவிடலாம். அப்போது ரூட்டாலும் அதனுள் எழுத முடியாது. ஆயினும் அதன் மீது வட்டைப் பொருத்துதற்குத் தடையில்லை. பொருந்துமிடத்தையே தரவுக் கோப்பகமாகக் கொள்ளாது, அதனுள்ளே ஒரு துணைக் கோப்பகம் அமைத்து அதிலே தரவை வைக்குமாறு போஸ்கிரஸ் தரவுத்தளத்தின் கைந்நூல் அறிவுறுத்துகின்றது. வட்டு வராத நாளில் அத்துணைக் கோப்பகமும் இராதாதலால் மென்பொருள் ஏமாறாது. காப்புப்பிரதி எடுக்கும் நிரலின் முதல் வரியில் ‘மவுண்ட்பொயின்ட்’ என்னுங் கட்டளையால் வட்டு உண்மையிற் பொருந்தியுள்ளதா எனக் கேட்டு, இல்லையெனின் நிறுத்திவிடலும் எளிது.

எஃப்.எஸ்.டாப்பைத் திருத்தியவர் அதனைச் சோதியாது விடுதல் பெருந்தவறு. ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையை ‘வெரிஃபை’ என்னும் தெரிவுடன் இயக்கினால், இல்லாத வட்டையும், இல்லாத கோப்பகத்தையும், வகைப் பிழையையும் அது சொல்லும். ‘மவுண்ட் -ஏ’ என்பது பொருந்தாதவற்றை மட்டுமே பொருத்த முயலுமாதலால், திருத்திய வட்டைக் கழற்றிய பின்னரே அதனை இயக்கல் வேண்டும். பொருந்தியிருக்கும்போது இயக்கிப் பிழையில்லையென்று மகிழ்வது சோதனையாகாது. பின்னர் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ என்று ஆணையிட்டாற் சிஸ்டம்டியும் புதிய வரியை அறிந்துகொள்ளும். இயலுமாயின் அன்றே, ஆட்கள் விழித்திருக்கும் பொழுதிலே, கணினியை ஒருமுறை மீளத் தொடக்கிப் பார்க்க. மாசியில் இட்ட பிழை ஐப்பசியில் வெளிப்படுமாயின், அதனை இட்டவருக்கே அது நினைவிராது. முந்நூறு நாள் நில்லாது ஓடிய கணினியைப் பெருமையாகக் கூறுவோருளர். அது மீண்டெழுமா என்று முந்நூறு நாளாக எவரும் பார்க்கவில்லை என்பதும் அப்பெருமையுள் அடங்கும்.

வட்டு இருக்கவும் பொருந்தாமற் போதலும் உண்டு. மின் திடீரென நின்றதாற் கோப்பு முறைமை குலைந்திருக்கலாம். ஈ.எக்ஸ்.டி.4இல் தொடக்கச் சோதனை சிறு பழுதுகளைத் தானே திருத்தும். பெரும் பழுதைக் கண்டால், கையாற் சோதிக்குமாறு கூறி நிற்கும். கேர்னலின் தொடக்க வரியில் ‘எஃப்எஸ்சிகே.ரிப்பெயர்=யெஸ்’ என்றிட்டால் எல்லாவற்றுக்கும் ஆமெனச் சொல்லித் திருத்திவிடும். தொலைவிலுள்ள கணினிக்கு இது பெரும்பாலும் ஏற்றதே. ஆனால் வட்டின் பொறியே பழுதாகும் அறிகுறி காணப்படின் திருத்தலில் இறங்குதல் கூடாது; உள்ளதை முதலில் வேறு வட்டுக்குப் பிரதிசெய்க. எக்ஸ்.எஃப்.எஸ். என்பதற்குத் தொடக்கச் சோதனை இயல்பாக ஒன்றுஞ் செய்வதில்லை. பொருத்தும்போதே தன் குறிப்பேட்டைப் பார்த்து நிலைமையைச் சீராக்கும். அதன் திருத்தக் கருவியில் ‘-எல்’ என்னும் தெரிவு குறிப்பேட்டையே வெறுமையாக்குவது. அதனாற் கடைசியாக எழுதியவை இழக்கப்படலாம். வேறு வழியில்லாதவிடத்தன்றி அதனைத் தொடற்க.

இனி, கணினி நின்றேவிட்டது எனக் கொள்வோம். வலைவழி இல்லை, ஆகவே கொன்சோலை வேறு வழியால் அடைதல் வேண்டும். தனிக் கணினிகளிலே ஐ.பி.எம்.ஐ. எனப்படும் துணைக்கருவி இருக்கும். டெல் நிறுவனத்தார் அதனை ஐ-டிராக் என்றும் எச்.பி. நிறுவனத்தார் ஐ.எல்.ஓ. என்றும் வழங்குவர். அது தனி வலையிணைப்பும் தனி முகவரியும் உடையது. கணினி நின்றாலும் விழித்திருக்கும். அதனைப் பொது இணையத்திலே திறந்துவைத்தல் ஆபத்து. முகிற் சேவைகளில், அமேசான் 2021 முதல் தொடர்க் கொன்சோலைத் தந்து வருகின்றது. எவ்வழியாயினும் இரண்டு ஆயத்தங்கள் முன்னரே செய்யப்பட்டிருத்தல் வேண்டும்: கேர்னல் தொடக்க வரியிலே தொடர்வாயிலைக் கொன்சோலாகக் குறித்திருத்தல்; ரூட்டுக்கு வலிய கடவுச்சொல் ஒன்றை இட்டு, அதனை எஸ்.எஸ்.எச். வழியாக ஏற்காதவாறு தடுத்திருத்தல். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. செய்யாமையின் விலை அன்றைக்கே தெரியும்.

கொன்சோலிற் புகுந்ததும், ‘ஜேர்னல்சிடிஎல் -எக்ஸ்பி’ என்னுங் கட்டளையாற் காரணத்தை அறிந்து, வேர் முறைமை வாசிப்புக்கு மட்டும் திறந்திருப்பின் அதனை எழுதவும் இயலுமாறு மீளப் பொருத்தி, எஃப்.எஸ்.டாப்பிலே குற்றமுள்ள வரியின் முன் ‘#’ குறியிட்டு மீளத் தொடக்குக. ரூட் பூட்டப்பட்டிருந்தாலும் முற்றும் வழியடைந்துவிடவில்லை. கிரப் என்னும் தொடக்கப் பட்டியல் கொன்சோலிற் தெரியுமாயின், கேர்னல் வரியின் ஈற்றில் ‘சிஸ்டம்டி.மாஸ்க்=’ என்றெழுதி அவ்வட்டுக்குரிய அலகின் பெயரைத் தந்தால், அம்முறைக்கு மட்டும் அவ்வட்டை விட்டுச் செல்லும். வேர்க்கோப்பு முறைமையே பொருந்தாதவிடத்து இவை எவையும் பயன்படா; அப்போது கணினி, தொடக்க நினைவகப் படிமத்தின் சிறு கட்டளைத் திரையில் நிற்கும். அந்நிலையிலும் எஸ்.எஸ்.எச். வழியே புகுவதற்கு ‘டிராப்பேர்’ என்னும் சிறு சேவையை அப்படிமத்துள் வைக்கலாம். ஆனால் வேர் பொருந்தியபின் நேரும் அவசர நிலையில் அது உதவாது. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாந்தோருளர்.

கொன்சோலே இல்லாதவிடத்து, முகிற் சேவையில் எஞ்சியுள்ள வழி, கணினியை நிறுத்தி, அதன் வேர் வட்டைக் கழற்றி, நன்னிலையிலுள்ள வேறொரு கணினியிற் சேர்த்து, அங்கே எஃப்.எஸ்.டாப்பைத் திருத்தி மீண்டும் பழைய இடத்திற் பழைய சாதனப் பெயருடன் பூட்டுதல். இரு கணினிகளும் ஒரே படிமத்திலிருந்து பிறந்தவையாயின் இரு வேர் வட்டுக்கும் ஒரே யூ.யூ.ஐ.டி. இருக்கும், எக்ஸ்.எஃப்.எஸ். இரட்டை எண்ணை ஏற்காது பொருந்த மறுக்கும். ‘நோயூயூஐடி’ என்னும் தெரிவுடன் பொருத்துக. வேறு படிமத்திற் பிறந்த கணினியை உதவிக்கு அழைத்தல் இதனினும் எளிது.

கணினி எழுந்தபின், சேவைகளைத் திறக்குமுன் செய்யவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. வட்டு வராதிருந்த வேளையில் எவையேனும் வெறுங் கோப்பகத்தில் எழுதப்பட்டிருப்பின், அவை இப்போது பொருந்திய வட்டின் அடியில் மறைந்துகிடக்கும். அழிந்தில, ஆயினும் காணப்படா. வேர் வட்டின் இடம் காரணமின்றிக் குறைந்திருத்தல் அதற்கு அறிகுறி. ‘மவுண்ட்’ கட்டளையை ‘பைண்ட்’ என்னும் தெரிவுடன் இயக்கி, வேர்க்கோப்பகத்தை வேறோரிடத்திலும் தோன்றச் செய்தால், அவ்விடத்திலே மேல்வட்டு இன்றிப் பழைய கோப்பகம் தெரியும். அங்குள்ளவற்றின் நாளையும் நேரத்தையும் பார்த்து, உண்மையான தரவோடு ஒப்பிட்டு, சேர்க்கவேண்டியதைச் சேர்த்து, எஞ்சியதை வேறிடத்திற் சேமித்த பின்னரே அவ்வெறுங் கோப்பகத்தைத் துடைத்தல் வேண்டும்.